கண்ணையனின் நிதானம்

விழுப்புரத்தில் அந்தப் பயிற்சி மையம் ஒரு பழைய ரைஸ் மில்லுக்குள் இருந்தது. மில்லை மூடிப் பல வருஷம் ஆகியும் அவித்த நெல்லின் வாடை சுவரை விட்டுப் போகவில்லை. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். உள்ளே டியூப் லைட் போட்டால்தான் எதிரில் நிற்பவன் முகம் தெரியும். பையைத் தூக்கிக்கொண்டு நுழைந்த எனக்கு அப்போது பயம் ஒன்றும் இல்லை. லாரி ஓட்டி ஊர் ஊராக அலைந்தவன் நான். பஸ் வேலை கிடைத்தால் திண்டிவனத்தில் என் வீட்டில் படுக்கலாம், புதுசாகக் கட்டிக்கொண்டு வந்த அஸ்வினியைத் தனியாக விடவேண்டாம். அந்தச் சந்தோஷத்தில் பல்லைக் காட்டிக்கொண்டுதான் போனேன்.

சுவரில் மாலை போட்ட ஒரு படம். நரைத்த மீசை, காக்கிச் சட்டை, இடது கையில் பெரிய வாட்ச்.

"இவருதாம்பா கண்ணையன். இவருதான் உங்களுக்கு வாத்தியாரு," என்றார் பயிற்சி கொடுக்கிற தென்னரசு சார்.

"செத்தவரு எப்படி சார் சொல்லித் தருவாரு?" என்று கேட்டேன். கூட இருந்த பசங்கள் சிரித்தார்கள்.

"சொல்லித் தரமாட்டாரு, ஆனந்தராஜு. கொஞ்ச நேரத்துக்கு நீயே அவரா ஆயிடுவே."

விஷயம் இதுதான். முப்பது வருஷம் வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர் கண்ணையன். அவர் தலையில் ஒயர் வைத்த தொப்பி ஒன்றை மாட்டிவிட்டுக் கம்பெனி சில மாசம் வண்டி ஓட்டச் சொன்னது. அவர் கண் பார்த்தது, காது கேட்டது, கையின் கனம், காலின் அழுத்தம் எல்லாவற்றையும் அந்தத் தொப்பி சேர்த்து வைத்தது. கடைசி டிரிப்பில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. வலியோடு வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டீயரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். பஸ்ஸில் ஒருத்தருக்கும் சிராய்ப்புகூட இல்லை. அந்த டிரிப்பைத்தான் ஹெல்மெட் ஒன்றை மாட்டி எங்களுக்குப் போடுவார்கள்.

"அவரு யோசனையெல்லாம் வராது, பயப்படாதே. உடம்பு மட்டும்தான் வரும்," என்று சொல்லி, பழைய பஸ் சீட் ஒன்றில் என்னைச் சாய்த்து ஹெல்மெட்டை மாட்டினார் தென்னரசு சார்.

முதலில் முட்டி வலித்தது. என் முட்டி இல்லை, ஐம்பத்தைந்து வயசு முட்டி. நாக்கில் புகையிலைக் காரம். நான் புகையிலை போட்டதே கிடையாது. கண்ணாடிக்கு முன்னால் மல்லிகைச் சரம் ஆடியது. கண்டக்டர் விசில் கொடுத்தான். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி வெளியே வந்தது. அடேயப்பா, அந்தக் கை! கியர் விழுவதே தெரியவில்லை. இத்தனை வருஷம் நான் ஓட்டியதெல்லாம் ஓட்டமா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

இருபுறமும் வேர்க்கடலை விளைகிற மல்லாட்டைக் கொல்லைகள் போய்க்கொண்டே இருந்தன. விக்கிரவாண்டிக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்டாப்பிங். ஒரு வேப்பமரம், மூடிக் கிடக்கிற பெட்டிக்கடை, அவ்வளவுதான். அங்கே கட்டை விரல் ஹாரனை அழுத்தியது.

ரெண்டு சின்னது. ஒன்று நீளம்.

ரோட்டோரம் வீடு உள்ள டிரைவர்களுக்கு இது வழக்கம். ஹாரன் கேட்டதும் பெண்டாட்டி சாப்பாட்டுக் கேரியரோடு ஓடி வருவாள். ஜன்னல் வழியாகக் கை நீளும், கேரியர் ஏறும், வண்டி கிளம்பிவிடும். கண்ணையன் கையும் நீண்டது. வெயிலில் அப்படியே நின்றது. யாரும் வரவில்லை. "போலாம்பா, நேரமாவுது," என்று பின்னால் ஒருத்தர் கத்தினார். மறுபடியும் ஹாரன். வேப்பமரத்து நிழலில் ஒரு நாய்தான் எழுந்து பார்த்தது.

கை உள்ளே வந்தது. வாட்ச்சைக் கழற்றியது. சட்டைப் பாக்கெட்டில் போட்டது.

அப்புறம் உடம்பு குளிர்ந்தது.

சித்திரை வெயில், காலடியில் எஞ்சின் சூடு. இருந்தும் உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்தது. மூச்சு சீரானது. தாடை இறுகியது. அதற்குப் பிறகு ஒரு குலுக்கல் கிடையாது, ஒரு அவசரம் கிடையாது. நெஞ்சில் வலி வந்தபோதுகூட அந்தக் கை ஆடவில்லை. வண்டி நின்றது. எல்லாம் இருட்டானது.

ஹெல்மெட்டைக் கழற்றியபோது என் முகமெல்லாம் வேர்வை.

"பாத்தியா? நெஞ்சு பிடிக்குது, மனுசன் கலங்கல," என்றார் தென்னரசு சார். "அந்த நிதானந்தான் உங்களுக்கு வரணும்."

தலையாட்டினேன். ஒன்று மட்டும் உறுத்தியது. அந்த நிதானம் வலி வந்தபோது வரவில்லை. அதற்கு முன்னாலேயே, யாரும் கேரியர் கொண்டு வராத அந்த ஸ்டாப்பிங்கிலேயே வந்துவிட்டது. கேட்டால் அதிகப் பிரசங்கி என்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். தினமும் ஹெல்மெட் மாட்டினார்கள். தினமும் கண்ணையனாக இருந்து, தினமும் செத்து, மாசக் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

வேலை அருமையாகப் போனது. என் வண்டியில் ஏறினால் தூக்கம் வருகிறது என்று ஜனங்கள் சொல்லும் அளவுக்கு ஓட்டினேன். ஒரு நாள் அந்த வேப்பமரத்து ஸ்டாப்பிங்கில் ஒரு பெண் வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றாள். நாற்பது வயசு இருக்கும். ஜன்னல் பக்கம் வந்து தாழ்ந்த குரலில் பேசினாள்.

"தம்பி, உனக்குப் புண்ணியமாப் போவும். அந்த ஹாரனை மட்டும் அடிக்காத."

"எந்த ஹாரன், அக்கா? நான் அடிக்கலியே."

என் வலது கையைப் பார்த்தாள். அது ஜன்னலுக்கு வெளியே, உள்ளங்கை மேலே பார்க்க, நீட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு மானமே போய்விட்டது. வார லீவு அன்றைக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். வீடு எது என்று யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. கால் தானாகக் கொல்லைப்பக்கம் போனது. கிணற்றடியில் செருப்பை விட்டேன். நிலைவாசல் தாழ்வு என்று தெரிந்து குனிந்து நுழைந்தேன். பானையில் தண்ணீர் மொண்டு குடித்தேன்.

உள்ளே பாத்திரம் விழுந்து உருண்டது.

பத்தாவது படிக்கிற வயசில் ஒரு பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு முன்னால் அந்தப் பெண், கையில் அரிவாளோடு.

"அம்மாடி, நான் டிரைவரு அக்கா! திண்டிவனம் ஆனந்தராஜு! மன்னிப்புக் கேக்க வந்தேன்!" என்று அலறினேன்.

"வாட்ச்சு எங்க?" என்றாள் அவள்.

மணிக்கட்டைப் பார்த்தேன். காலையில் கட்டிய என் வாட்ச் அங்கே இல்லை. சட்டைப் பாக்கெட் கனத்தது.

அவசரமாக எடுத்து மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். பெயர் அம்சா. கண்ணையனின் மனைவி. சுவரோடு ஒட்டி நின்றது அவர்களுடைய ஒரே பெண் கலையரசி.

"ஊருக்கெல்லாம் நல்லவருதான் தம்பி அவரு," என்றாள் அம்சாக்கா. "ஊட்டுக்கு வந்தா வேற. கை நீட்றதுக்கு முன்னாடி வாட்ச்சைக் கழட்டி பாக்கெட்டுல போட்டுக்குவாரு. ஒடஞ்சிடக் கூடாதாம்."

நான் வாட்ச்சின் பட்டையை இன்னும் ஒரு ஓட்டை இறுக்கினேன்.

"'ஊட்டை விட்டுப் போனீங்க, அன்னைக்கே ரெண்டு பேரையும் முடிச்சிட்டுத்தான் மறுவேலை'ன்னு சொல்லிக்கினே இருப்பாரு. பொண்ணு மேல கை வெச்சதும் எனக்குத் தாங்கல. அன்னைக்குக் கேரியர் எடுத்துக்கினு போவல. இவளை இட்டுக்கினு எங்க அக்கா ஊட்டுக்குப் பூட்டேன். அவரு வந்து ஹாரன் அடிச்சாரு, ஆள் இல்லன்னு தெரிஞ்சிக்கினாரு. டிரிப்பை முடிச்சிட்டு ஊட்டுக்கு வரத்தான் போய்க்கினு இருந்தாரு. வழியில செத்துட்டாரு."

எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் குளிர். அந்தச் சீரான மூச்சு. தினமும் நாங்கள் பாடம் படித்தது, கொலை செய்ய முடிவெடுத்துவிட்ட ஒருத்தனின் நிதானத்தை.

"செத்தாரேன்னு ஊட்டுக்குத் திரும்பி வந்தோம். இப்ப ஒவ்வொரு வண்டியும் ஹாரன் அடிக்குது. போன வாரம் ஒரு பையன் கொல்லைப்பக்கமா வந்து 'சோறு போடு'ன்னு உக்காந்தான். வாட்ச்சைக் கழட்டுனான். கலையரசி கத்துனதும் முழிச்சிக்கினு, அழுதுகினே ஓடுனான்." அவள் குரல் இன்னும் தாழ்ந்தது. "அவரு இன்னும் ஊட்டுக்கு வந்துகினேதான் இருக்காரு தம்பி."

அங்கிருந்து நேராக விழுப்புரம் போய் தென்னரசு சாரிடம் கத்தினேன். அவர் சிரித்தார். "எவ்ளோ மரியாதையான மனுசன்! பொம்பளைங்க பேச்சைக் கேட்டுக்கினு பேஜாரு பண்ணாத. அடுத்த மாசம் மெட்ராஸ் பசங்களுக்கும் இதைத்தான் போடப் போறோம்." ஓங்கி ஒன்று விடலாம் போல ஆத்திரம் வந்தது. சட்டென்று மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டேன். வாட்ச் இருந்தது.

அம்மாவையும் பொண்ணையும் அந்த வீட்டைவிட்டுக் கிளப்புவது என்று முடிவு செய்தேன். மண்டகப்பட்டில் ஒரு வீடு பார்த்தேன். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பாறைக் கோயிலுக்குப் பின்பக்கம். கண்ணையன் ஒரு நாளும் போகாத ஊர். குட்டியானை வண்டி ஒன்றை இரவல் வாங்கி, நானே சாமான் ஏற்றி, நானே ஓட்டிக்கொண்டு போய் இறக்கினேன். கலையரசி அன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீ நல்லா இருக்கணும் தம்பி," என்றாள் அம்சாக்கா.

வண்டியைத் திருப்பினேன். உச்சிவெயில். தெருவில் ஈ காக்கை இல்லை. பாறையிலிருந்து அனல் அடித்தது.

ரெண்டு சின்னது. ஒன்று நீளம்.

யார் அடித்தது என்று திரும்பிப் பார்த்தேன். தெருவில் வேறு வண்டியே இல்லை.

என் கட்டை விரல் ஹாரன் மேல் இருந்தது. வலது கை ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்தது.

அம்சாக்கா வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

"நீ வழியைப் பாத்துக்கினியே தம்பி," என்று முணுமுணுத்தாள். "இப்ப அவருக்கும் தெரிஞ்சி போச்சே."

நான் என்ன மடத்தனம் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. கண்ணையனுக்குத் தெரியாத இடத்துக்குக் கண்ணையனையே டிரைவராக வைத்துக் கூட்டிவந்திருக்கிறேன்.

"ஜல்தி கெளம்புங்கக்கா. வேற யாரையாவது வெச்சு வேற எங்கியாவது போயிடுங்க. எங்கன்னு என்கிட்ட சொல்லாதீங்க," என்றேன். அவர்களுடைய போன் நம்பரை அங்கேயே அழித்தேன். அழுதுகொண்டேதான் வண்டியை ஓட்டினேன். ஆனால் ஸ்டீயரிங்கைப் பார்த்தபோது, கை ஆடவே இல்லை.

டிரைவர் வேலையை விட்டுவிட்டேன். இப்போது திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறேன். ஸ்டீயரிங் பக்கமே போவதில்லை. அஸ்வினியிடம் கண் மங்குகிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். வாட்ச்சை மட்டும் விடவில்லை. அதைத் தூக்கிப் போட வேண்டியதுதானே என்பீர்கள். போட்டுவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? அடிக்கடி மணிக்கட்டைப் பார்க்கிறேன். இருக்கிறது. அப்படியென்றால் இது நான்தான்.

இன்று மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். அஸ்வினி ரசம் ஊற்றினாள்.

"ஏங்க, நீங்க குளிக்கப் போனப்ப உங்க போனுக்கு ஒரு ஸ்கூல்ல இருந்து பேசுனாங்க."

"எந்த ஸ்கூலு?"

"நீங்கதான் ரெண்டு மூணு வாட்டி பண்ணிக் கேட்டீங்களாமே, கலையரசின்னு ஒரு பொண்ணு புதுசா சேந்திருக்கான்னு. அங்கதான் படிக்குதாம்." கரண்டி அந்தரத்தில் நின்றது. "அவளோட அப்பான்னு சொன்னீங்களாம். யாருங்க அது?"

சத்தியமாக நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போன் செய்யவில்லை.

"ஊர் பேரு கூட சொன்னாங்களே, இன்னாது அது..."

"சொல்லாத!"

அவள் பின்னால் நகர்ந்தாள்.

"அஸ்வினி, உன் கால்ல வேணா விழறேன். அந்த ஊர் பேரை என்கிட்ட சொல்லிடாத. நான் கேட்டாலும் சொல்லாத. அடிச்சிக் கேட்டாலும் சொல்லாத."

"இன்னாங்க பேசறீங்க? நீங்க எப்ப என்னை அடிச்சிருக்கீங்க?"

ஜன்னலுக்கு வெளியே வெயில் தகித்தது. மின்விசிறி ஓடவில்லை. ஆனாலும் எனக்குக் குளிர்ந்தது, உள்ளங்கால் வரைக்கும். படபடப்பு அடங்கிவிட்டது. மூச்சு சீரானது.

அஸ்வினி என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க," என்றாள் மெல்ல, "எச்சில் கையோட எதுக்கு வாட்ச்சைக் கழட்டி பாக்கெட்டுல போடறீங்க?"