ரோஷனுக்கு ஒரு பிடி மண்

ராயபுரத்துக் கல்லறைத் தோட்டத்தில் அன்று அடித்த வெயிலுக்குக் கருவாடே எழுந்து நிழல் தேடியிருக்கும். அம்மாவின் பெட்டி வருவதற்கு அரை மணி முன்னால் குழியைப் பார்க்க வந்தான் ஆண்ட்ரூ. இங்கே ஆறடி இடம் தங்கத்தைவிட அருமை. பதினாலு வருஷம் ஆனால் பழைய குழியைத் திறந்து, எலும்பை ஓரமாக ஒதுக்கி, அதே குடும்பத்தில் அடுத்த ஆளைப் படுக்க வைப்பார்கள்.

அம்மா படுக்கப்போவது ரோஷனின் மேல்.

ரோஷன் அவன் அண்ணன். மீன் வெட்டும் கத்தியால் தம்பியின் இடது காதை அறுத்து நாய்க்குப் போட்டுவிட்டு, அதே வாரம் லாரியில் அடிபட்டுச் செத்தவன். "அவனை மன்னிச்சுட்டு எம்மேல மண்ணு போடு. இல்லாங்காட்டி ஆண்டவரு உன்னை எப்டிடா மன்னிப்பாரு?" அம்மாவின் கடைசிப் பேச்சு அதுதான்.

குழி வெட்டும் தங்கப்பாண்டி மேலே ஏறி வந்தார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"எலும்பு இல்ல நைனா. ஆளே அப்டியே கீறாரு."

ஆண்ட்ரூ எட்டிப் பார்த்தான். நேற்றுப் படுத்தவன் போல ரோஷன். மணலி ரிஃபைனரியே மூக்கைப் பொத்திக்கொள்ளும் வாடை.

உதடு அசைந்தது.

"மன்னிச்சேன்னு சொல்லுடா தம்பி. மக்க முடியல."

ஆண்ட்ரூ கடப்பாரையோடு உள்ளே குதித்தான். முதல் குத்தில் தாடை பிளந்தது. இரண்டாவதில் மண்டை இளநீர் போலச் சிதறித் தங்கப்பாண்டியின் வேட்டிவரை தெறித்தது. மொத்தம் பதினேழு குத்து. ஒவ்வொரு தடவையும் தாடை ஊர்ந்து வந்து பொருந்திக்கொண்டு கெஞ்சியது.

"சொல்லுடா."

ஜில்லென்று ஒரு கை அவன் கணுக்காலைப் பிடித்தது. கால் எலும்பு, முறுக்கு மாதிரி நொறுங்கியது.

"மன்னிச்சேன். வுடு. மன்னிச்சேன்."

கை விட்டது.

அவனைத் தூக்கிவிட்ட தங்கப்பாண்டி மெல்லக் கேட்டார்: "நெசமாவா?"

"பொணத்துக்கு இன்னா தெரியும்? சும்மா சொன்னேன்."

பெட்டி இறங்கியது. நொண்டிக்கொண்டே ஒரு பிடி மண் போட்டான்.

அடுத்த ஞாயிறு பூசையில், மாவுக்கட்டுக் காலோடு வரிசையில் நின்று நற்கருணைக்கு நாக்கை நீட்டினான். ஃபாதர் வைத்தது வெள்ளை அப்பம்தான். பின்னால் நின்ற அவன் மனைவி மெர்லினும் பார்த்தாள்.

வாயை மூடினான். நறநறவென்றது.

மண்.

துப்பினான். துப்பத் துப்ப ஊறியது. பீடத்துக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்குக் குவிந்தும் வாய் காலியாகவில்லை.

மெர்லின் அழுதுகொண்டே அவன் முதுகில் தட்டினாள்.

குவியலுக்குள்ளிருந்து ஒரு குரல் பொறுமையாகச் சொன்னது:

"மனசால, தம்பி."