அனுப்பியவர்: இளங்கோவன்

இளங்கோவன் இறந்த பதினோராம் நாள், மதியம் இரண்டு பத்துக்கு, அவர் முகவரியிலிருந்து ஒரு மெயில் வந்தது.

மனைவி விசாலாட்சி அதைத் திறக்கவில்லை. கரும்பு ஆலைக் கடிதங்களுக்காகக் கணவர் வாங்கிப்போட்ட கம்ப்யூட்டர். இப்போது அவள்தான் பார்க்கிறாள். அறுத்துப்போட்ட வைக்கோலின் ஈர வாடை ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது, மேசைக்கடியில் யுபிஎஸ் பெட்டி வண்டு மாதிரி முனகிக்கொண்டிருந்தது, அபிஷேகப்பாக்கத்து வயலில் எங்கோ ஒரு டிராக்டர் இருமி இருமி ஓய்ந்தது. பட்டியலில் பார்த்தவரை மெயிலில் எழுத்து எதுவும் இல்லை. ஒரு கோப்பு மட்டும் இணைந்திருந்தது.

தவளக்குப்பத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கொழுந்தன் அருள்முருகனுக்குப் போன் செய்தாள்.

"தொறந்துடாதீங்க அண்ணி. வைரஸ் அது. அண்ணன் ஐடிய எவனோ புடிச்சிட்டான். வூட்டுல எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வெக்காதன்னு தலப்பாடா அடிச்சிக்கினேன், கேட்டாரா அவரு?"

"இப்ப இன்னா பண்றது?"

"அழிச்சிட்டு நெட் வயரப் புடுங்குங்க. சாயங்காலம் பாக்கறேன். யாமினிய மட்டும் கிட்ட வுடாதீங்க. அப்பா பேரப் பாத்தா தொறந்துடும் அது."

அவள் பயமும் அதுதான். பிளஸ் டூ படிக்கிற மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டு இங்கேதான் உட்காருவாள். அதற்குள் இதை ஒழித்துவிட வேண்டும்.

அழித்தாள். மறுபடி வந்தது. இம்முறை ஒரு வரி இருந்தது.

விசா, வரட்டுமா?

அப்படி அவளைக் கூப்பிட்டவர் ஒருவர்தான். அதுவும் வாயால் மட்டும். எங்கேயும் எழுதியதில்லை.

சாவு வீட்டில் கருமாதி முடிகிறவரை யாரையும் 'வா' என்று அழைப்பதில்லை. துக்கத்துக்கு வந்தவர்களும் 'வரேன்' என்று சொல்லாமல்தான் எழுந்து போனார்கள். பதினோரு நாளாக அந்த வீட்டில் புழங்காத சொல் திரையில் நின்றது.

வயரைப் பிடுங்கினாள். மோடத்தின் பச்சை விளக்கு அணைந்தது.

மெயில் வந்தது.

அவள் தொடாமலேயே படம் விரிந்தது. அவர்கள் வீட்டு கேட். அடுத்தது வாசற்படி. அடுத்ததில் இந்த அறை, நாற்காலி, அவளுடைய முதுகு.

திரும்பினாள். யாரும் இல்லை.

வைக்கோல் வாடை போயிருந்தது. பன்னீர். அவரைக் கிடத்தியிருந்தபோது தெளித்த பன்னீர்.

வைரஸ் தடுப்பின் சிவப்புக் கட்டம் திரையில் எழுந்தது. அனுமதிக்கலாமா?

வேண்டாம் என்று அழுத்தினாள். மறுபடி கேட்டது. வேண்டாம். மறுபடி. வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.

கட்டம் மறைந்தது. திரை வெறுமையானது. மெல்ல மெல்ல வைக்கோல் வாடை திரும்பியது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அவள் மூச்சு விட்டாள். அது போய்விட்டது.

நாலு பத்துக்குப் போன் அடித்தது. யாமினி.

"பஸ் ஏறிட்டேம்மா. அப்பா ஐடிலேர்ந்து எனக்கு ஒரு மெயில் வந்துச்சு."

"தொறக்காதடி."

"தொறந்துட்டேனே. வரட்டுமான்னு கேட்டிருந்துச்சு. எவனோ வெளையாடறான்னு தெரியும்மா. மனசு கேக்கல. வாப்பான்னு போட்டுட்டேன்."

"யாமினி, எறங்குடி. எங்கியா இருந்தாலும் எறங்கு."

பேச்சு அறுந்தது.

திரையில் கடைசிப் படம் விரிந்தது. கூட்டம் நெரியும் பஸ். ஜன்னலோரம் யாமினி, பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு, ஒதுங்கி இடம் விட்டிருந்தாள். நின்றுகொண்டிருந்த அத்தனை பேரில் ஒருவரும் அந்த இடத்தில் உட்காரவில்லை. யாமினி அந்தப் பக்கம் திரும்பி, பதினோரு நாளில் முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அசையாத படம்தான் அது. அதில், அவள் பக்கத்து சீட்டு மட்டும் மெல்ல அமுங்கியது.