மூலவருக்கு நோய் இல்லை

மரபுமானி மூன்றாவது தடவையும் அதையேதான் சொன்னது. வேறுபாடு இல்லை, ஆகவே நோய் இல்லை. செண்பகவல்லிக்கு அழுகை வந்துவிட்டது. நோய் இல்லை என்று கேட்டு அழுகிற ஒரே பிறவி, அந்தத் திருநெல்வேலியில் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

அவளுக்கு முகம் மனதில் நிற்பதில்லை. கண்ணில் ஒரு குறையும் கிடையாது. மூக்கு தெரியும், மீசை தெரியும், ஆள் யார் என்பது மட்டும் தெரியாது. நாற்பத்தைந்து வயதில் ஆரம்பித்து ஐந்து வருஷமாகக் கூடிவந்த வினை. போன தையில் தம்பி தளவாயின் மகள் பகவதிக்குக் கல்யாணம். மண்டப வாசலில் கைகூப்பி நின்றவனைப் பார்த்து, "நீங்க மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டுவிட்டாள். நின்றவன் தளவாய். அவன் வாய் திறந்த பிறகுதான் குரலை வைத்துப் புரிந்தது, அதற்குள் காரியம் கெட்டுப்போனது. நாலு பேர் முன்னால் தன்னைத் தெரியாத மாதிரி நடித்தாள், அவ்வளவு திமிர் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். அவளுக்கு அவனை விட்டால் வேறு நாதி இல்லை. அன்றிலிருந்து அவள் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை.

மானி 'நோய்' என்று ஒரு வார்த்தை சொன்னால் தம்பி வந்துவிடுவான். மனுஷி வாயால் சொன்னால் இந்தக் காலத்தில் எவன் நம்புகிறான்?

ஒரு சொட்டு எச்சில் போதும், உடம்பைக் கட்டிய மரபுத்தொகை முழுவதையும் மானி எழுத்தெழுத்தாகப் படித்துவிடும். பிறகு அதை ஒரு மூலப் பிரதியோடு ஒப்பிடும். எங்கே மாறுகிறதோ அங்கே நோய். அந்தப் பிரதிக்கு ஆய்வகத்தார் வைத்த செல்லப் பெயர் மூலவர். கருவில் இருக்கும் குழந்தைகளின் மூளைக்கான எழுத்துகளைத் திருத்துவதும் மூலவரைப் பார்த்துத்தான். முன்பெல்லாம் எழுத்தைப் படிக்க ஒரு பிரிவு, ஒப்பிட ஒரு பிரிவு, எந்த எழுத்து என்ன வேலை செய்கிறது என்று தோண்டிப் பார்க்க ஒரு பிரிவு என்று மூன்று இருந்தன. ஒப்பிட்டாலே காரியம் ஆகிறதே, எதற்குத் தோண்ட வேண்டும் என்று கடைசிப் பிரிவை மூடிவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்!

மூடிய பிரிவில் மிச்சம் இருந்தது ஒரே அறை, அதில் ஒரே ஆள், டாக்டர் ரோஸ்லின். இருபத்தாறு வயதுப் பெண். தொல்லை விட்டால் போதும் என்று செண்பகவல்லியை அங்கே தள்ளிவிட்டார்கள். ரோஸ்லின் பொறுமையாகக் கேட்டாள், பொறுமையாகத் தோண்டினாள். சாதாரண மனிதருக்கு லட்சக்கணக்கான இடங்களில் எழுத்து மாறும். இவளுக்கு ஒன்றுகூட மாறவில்லை. கல்லூரிக் காலத்தில் எங்காவது எச்சில் கொடுத்தீர்களா என்று விசாரித்தாள். ஏதோ முகாமில் கொடுத்த ஞாபகம் செண்பகவல்லிக்கு இருந்தது. நோய் நொடி இல்லாத இருபது வயசு என்று எடுத்துக்கொண்டார்களாம், பெயர்கூடக் கேட்கவில்லையாம்.

"மூலவர் நீங்கதாம்மா," என்றாள் ரோஸ்லின். "இத்தன வருசமா உங்கள உங்ககூடவே ஒப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கு."

"அப்ப எனக்கு நோய்னு மானியச் சொல்ல வைக்க முடியுமா? தம்பிகிட்டக் காட்டணும்."

ரோஸ்லின் எந்த வயதில் ஆரம்பித்தது என்று மறுபடி கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சொல்ல வைக்கலாம். ஆனா உங்களுக்கு மட்டும்னு நிக்காது. எங்க தலைமுறையையே கருவுல உங்களப் பாத்துத்தான் திருத்தியிருக்காங்க, என்னையும் சேத்து."

மறைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். மறைக்கவில்லை. முகத்தை மறக்க வைக்கும் எழுத்தைத் தோண்டி எடுத்து, நோய் என்று மூலவரில் குறித்தாள். பொழுது சாய்வதற்குள் 'நோய்' என்ற சேதியோடு ஒரு தலைமுறையின் கைப்பேசிகள் அத்தனையும் ஒலித்தன.

மறுநாள் காலை செண்பகவல்லியின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வாசலில் ஓர் ஆணும், வயிறு தள்ளிய ஒரு பெண்ணும் நின்றார்கள்.

"அக்கா, நான் தளவாய். இது பகவதி," என்றான் அவன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தம்பி வர வேண்டும் என்று எப்படி ஏங்கியிருந்தாள்! இதற்காக வந்திருக்க வேண்டாம் என்று இப்போது நினைத்தாள்.

பகவதிதான் கேட்டாள். "அத்தை, எம்புள்ள மூஞ்சி எனக்குத் தெரியாமப் போயிருமா?"

செண்பகவல்லி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தாள்.

"குரலு தெரியும்ளா," என்றாள். "வாய மூடாமப் பேசுத புள்ளையா வளத்துரு."