இரண்டாவது சாவி

வாடகை வீட்டை ஒட்டிய பழைய கார் ஷெட்டுக்குள் அவள் காலையில் நுழைந்தபோது, சிமெண்டுத் தரையின் ஈர வாடைதான் முதலில் வந்தது. தோளில் பை, கையில் சாவி. முதல் நோயாளியின் வீட்டுக்கு ஏற்கெனவே நேரமாகிவிட்டது. கதவின் கைப்பிடியைத் தொட்டாள். வழக்கமாகக் கேட்கும் 'டிக்' சத்தம் இல்லை. பக்கவாட்டுக் கண்ணாடிகள் உறங்கும் காதுகளைப் போல மடங்கிக் கிடந்தன.

"சனியனே, மறுபடியுமா?"

வீடு வீடாகப் போய், விழுந்தவர்களை நடக்க வைக்கிற பிசியோதெரபிஸ்ட் அவள். கார் இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி. ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஹைபிரிட் வண்டி இது. அதை ஓட்டுகிற பெரிய பேட்டரி நிறைந்துதான் இருக்கும். ஆனால் வண்டியை எழுப்பிவிடுகிற சின்ன பேட்டரி செத்துவிட்டால், மொத்தமும் வெறும் இரும்புப் பெட்டி.

"லைட்டை அணைக்காம வந்திருப்ப" என்றான் தம்பி, பல் துலக்கிக்கொண்டே.

"ஆமா, எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. நீ ஓட்டிட்டு சீட்டைப் பின்னால தள்ளி வச்சுட்டுப் போறியே, அதை முதல்ல நிறுத்து. தினமும் எனக்குக் காலே எட்ட மாட்டேங்குது."

"உன் வண்டியை நான் தொட்டே எத்தனையோ நாளாச்சு, அக்கா."

மெக்கானிக் வந்தார். புது பேட்டரி போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். மீட்டரை வைத்து எங்கெங்கோ தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கரண்ட் எங்கேயும் கசியல மேடம். யாரோ இதைத் தூங்க விடாம எழுப்பிட்டே இருக்காங்க. சாவி பக்கத்துல வந்தாலே இது முழிச்சுக்கும். சாவியை எங்க வைக்கிறீங்க?"

"ஹால்ல. ஏன்?"

"ஒரு தகர டப்பாவுல போட்டு மூடிப் பாருங்க. சிக்னல் வெளிய வராது."

மூடினாள். மறுநாளும் வண்டி செத்துக் கிடந்தது. "பரவாயில்லம்மா, நாங்க வேற ஆளைப் பார்த்துக்கிறோம்" என்று ஒரு நோயாளியின் மகள் போனில் சொன்னபோது, டப்பாவோடு சாவியைச் சுவரில் அடிக்கத் தோன்றியது அவளுக்கு.

அன்று மாலை, வேறொரு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து வண்டியை உயிர்ப்பித்தாள். சற்று நேரம் ஓடவிட்டு அணைத்தாள். சாவியை டப்பாவில் போட்டு வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்து, பின் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். எது இதன் உயிரை உறிஞ்சுகிறது என்று இன்றைக்குப் பார்த்துவிடலாம்.

வெளியே வெளிச்சம் மங்கியது. தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துப் போனார்கள். பிறகு அதுவும் இல்லை. காருக்குள் அவள் மூச்சு மட்டும்.

'டிக்.'

மடங்கியிருந்த கண்ணாடிகள் மெல்ல விரிந்தன. ஓட்டுநர் கதவுக்குக் கீழே ஒரு விளக்கு எரிந்து, தரையில் வெளிச்சம் வட்டமாக விழுந்தது. சொந்தக்காரர் வந்து நின்றால் வண்டி இப்படித்தான் வரவேற்கும்.

வட்டத்தில் யாரும் இல்லை.

ஷேவிங் லோஷன் வாசனை வந்தது. பழைய, புளித்த வாசனை.

ஓட்டுநர் சீட் 'உர்ர்ர்' என்று பின்னால் நகர்ந்தது. அவள் முழங்காலைத் தொட்டு, இன்னும் கொஞ்சம் அழுத்தி, நின்றது. கால் நீளமான ஒருவருக்கு வேண்டிய இடம்.

பிறகு சீட் அமுங்கியது.

களைத்துப்போன ஒரு பெருமூச்சு.

எப்படிக் கதவைத் திறந்தாள், எப்படி வீட்டுக்குள் வந்து விழுந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. வண்டியை விற்ற பெண்மணியை அழைத்தாள்.

"இந்த வண்டிக்கு இன்னொரு சாவி இருந்துச்சா?"



"என் வீட்டுக்காரர்கிட்ட இருந்துச்சு" என்றது தாழ்ந்த குரல். "ஆபீஸ் முடிஞ்சு வண்டியைப் பார்த்து நடந்து வந்தவர், கதவைத் தொடறதுக்குள்ள விழுந்துட்டார்ம்மா. சட்டைப் பையில சாவி இருந்ததை நாங்க யாருமே பார்க்கல. அவரோடவே மண்ணுக்குள்ள போயிடுச்சு."

அவள் ஷெட்டைப் பார்த்த ஜன்னலைச் சாத்தினாள்.

"ஒண்ணு கேட்கட்டுமா?" அந்தக் குரல் கிசுகிசுத்தது. "அவர் உள்ள உட்கார்ந்துட்டாரா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த மாலை வேலை முடிந்துதான் மெக்கானிக்கால் வர முடிந்தது. சின்னக் கம்ப்யூட்டரை வண்டியில் சொருகினார். "தொலைஞ்ச சாவியை இதோட நினைவிலிருந்து அழிச்சிடலாம் மேடம். அப்புறம் அதை வச்சு யாராலயும் கதவைத் திறக்க முடியாது."

"யாராலயுமா?"

"யாராலயும்."

ஓட்டுநர் சீட் பின்னுக்குத் தள்ளியிருந்தது. லோஷன் வாசனையும் இருந்தது. அவர் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார். அவள் பார்த்தாள், முகர்ந்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. எப்படியாவது இது முடிந்தால் போதும் என்றிருந்தது. மெக்கானிக் ஒரு பொத்தானை அழுத்தினார். எல்லாக் கதவுகளும் ஒருசேரப் பூட்டித் திறந்தன.

"முடிஞ்சுது."

அதன்பின் பேட்டரி சாகவே இல்லை. கைப்பிடியைத் தொட்டதும் வண்டி விழித்துக்கொண்டது. சீட்டும் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. நாட்கள் போகப் போக அவளுக்குச் சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன நோயாளியின் மகள்கூட மறுபடி கூப்பிட்டாள்.

அந்த வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். நல்ல வெயில். பாதி வழியில் 'டிங் டிங்' என்று அலறத் தொடங்கியது வண்டி. பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லையாம். சிவப்பு விளக்கு மினுக்கியது. சீட்டில் ஒரு துரும்புகூட இல்லை. தட்டினாள். துடைத்தாள். குத்தினாள். சத்தம் இன்னும் வேகமெடுத்தது.

"உன்னோட ஒரே ரோதனை! ஒண்ணு விட்டா ஒண்ணு! இந்தா, போட்டுத் தொலைக்கிறேன்!"

ஓரமாக நிறுத்தி, பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து மாட்டினாள். சத்தம் அடங்கியது. அப்பாடா என்று கியரில் கை வைத்தவள், தற்செயலாகத் திரும்பினாள்.

பெல்ட் சீட்டோடு படியவில்லை.

ஒரு சாண் தள்ளி, அகன்ற மார்பைச் சுற்றினாற்போல வளைந்து, விறைப்பாக நின்றது. மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.