பின்னால் வரும் மணி

அன்றைக்கு மணி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

முதலில் பார்கவிக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. வழக்கமாக ஏற்றம் தொடங்கியதுமே பின்னால் அந்த மணி தயங்கும், நிற்கும், கொஞ்சம் பொறுத்து மறுபடி கிளம்பும். அவள் கணவர் அச்சுதன் மூச்சு வாங்க நின்றிருக்கிறார் என்று அர்த்தம். ஒவ்வொரு தடவை அது நிற்கும்போதும் பார்கவியும் நின்றுவிடுவாள். இன்றைக்கோ கிண், டொக், கிண், டொக் என்று, சின்னப் பையன் பள்ளிக்கூடம் போகிற மாதிரி சீராக வந்துகொண்டிருந்தது. மாத்திரை வேலை செய்கிறது போலிருக்கிறது, அப்பாடா என்று நினைத்துக்கொண்டாள்.

மழை ஓய்ந்து குளிர் வருவதற்கு நடுவிலுள்ள இந்த ஐப்பசி ஞாயிறுகளில் மலைப்பக்கம் நடக்கப் போவது அவர்கள் நாலு பேருக்கும் வழக்கமாகிவிட்டது. நிக்டியிலிருந்து குடும்ப நண்பன் ஹரீஷும் அவன் மனைவி கிரிஜாவும் காரில் ஔந்த் வந்து, அங்கே குடியிருக்கும் பார்கவியையும் அச்சுதனையும் ஏற்றிக்கொள்வார்கள். ஹரீஷுக்குத் தளேகாவில் தொழிற்சாலை வேலை. அதற்கப்பால் இருக்கும் குன்றுகள் எல்லாம் அவன் வீட்டுக் கொல்லைப்புறம் என்கிற மாதிரிதான் பேசுவான். கிரிஜா ஃபிளாஸ்கில் டீயும் டப்பாவில் கொறிக்கக் காரமான பாகர்வடியும் கொண்டுவருவாள். உச்சிக்குப் போய், டீ குடித்து, வந்த வழியே இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார்கள்.

மணி வந்த கதை தனி. போன வருஷம் அச்சுதனுக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து எழுந்தார். தினம் நடங்கள் என்றார் டாக்டர். மனிதர் நடந்தார், ஆனால் எப்போதும் கடைசியில்தான். பார்கவியோ நாலடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். தன்னைக் குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாளே என்று அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நடுமலையில் சண்டை. கடைசியில் கிரிஜாதான் தளேகாவ் சந்தையில் ஆட்டுக் கழுத்துக்குக் கட்டும் பித்தளை மணி ஒன்றை வாங்கிவந்து, கடைசியில் வருகிறவர் பையில் இதைத் தொங்கவிடலாம், சத்தம் கேட்கிறவரை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று பஞ்சாயத்து பண்ணினாள். மணியில் ஒரு பக்கம் விரிசல். அதனால் ஒரு அடிக்கு கிண் என்றும் மறு அடிக்கு டொக் என்றும் கேட்கும். அந்தக் கோணல் சத்தம்தான் இப்போது பார்கவிக்கு உயிர்.

ஆனாலும் போன வாரம் அவள் திருட்டுத்தனமாகத் திரும்பிப் பார்த்துவிட்டாள். அதை மனதில் வைத்துக்கொண்டு, இன்று காரில் வரும்போதே அச்சுதன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தாலும், இனிமே நான் வரப்போறதில்லை. மணி கேட்டா நான் இருக்கேன். அவ்வளவுதான்."

சரி என்று வாக்குக் கொடுத்திருந்தாள். காரை விட்டு இறங்கியதும் அவர் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தார். நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினார். அவர்கள் நடந்தார்கள். கொஞ்ச தூரத்தில் பின்னால் மணி கிளம்பியது. பார்கவி கழுத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு நடந்தாள்.

கீழே வயல்களில் அறுவடைக்கு நின்ற நெல்லின் வாசனை பாதிமலை வரை கூடவே வந்தது. பாதையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் புல், அதற்குள் மழையில் பூத்து இப்போது வாடத் தொடங்கிய மஞ்சள் பூக்கள், காலில் ஒட்டும் முட்கள், எங்கோ நீர் சொட்டும் சத்தம், அதற்கெல்லாம் அடியில் விடாமல் அந்த மணி. தட்டைப் பாறையைத் தாண்டினார்கள். வழியில் அந்தப் பாறை ஒன்றில்தான் ஃபோனுக்குக் கொஞ்சம் சிக்னல் வரும். ஹரீஷ் அங்கே ஆபீஸுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு வந்தான். அதற்கு மேல் உச்சிக்குப் போய்ச் சேரும்வரை சிக்னல் கிடையாது.

பாறைக்கு மேலே ஒரு வளைவில், ஒருவர் எருமைகளை ஓட்டிக்கொண்டு இறங்கி வந்தார். பாதை குறுகல். மூன்று பேரும் ஒதுங்கி நின்றார்கள். எருமைகள் அவர்களை உரசிக்கொண்டு சாதுவாகக் கடந்து போயின. அடுத்த நிமிஷம் பின்னால் குளம்புகள் தடதடவென்று சிதறின. புல் நொறுங்கியது. முள்வேலி முறிந்தது. அந்த மனிதர் மராட்டியில் எதையோ கத்திக்கொண்டே சரிவில் ஓடினார்.

மணி அதற்கும் நிற்கவில்லை.

எருமை மிரண்டால் யாராக இருந்தாலும் ஒதுங்கி நிற்கமாட்டார்களா? பார்கவியின் கழுத்து தானாகத் திரும்பப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினாள். அவர் வராமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த ராத்திரி அவள் ஒன்றே ஒன்றுதான் வேண்டிக்கொண்டாள்: இந்த மனிதர் எனக்கு முன்னால் போகக் கூடாது.

கிரிஜாவுக்கு மூச்சு வாங்கியது. நின்றார்கள். அச்சுதனும் வந்து சேரட்டும் என்றான் ஹரீஷ். காத்திருந்தார்கள். கிண், டொக். வந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் கிட்டே வரவில்லை. இவர்கள் நடந்தபோது எவ்வளவு தூரத்தில் கேட்டதோ, நிற்கும்போதும் அதே தூரத்தில், நடக்கிற காலின் அதே தாளத்தில் கேட்டது. மலையில் எதிரொலி அப்படித்தான், ஏமாற்றும் என்றான் ஹரீஷ். சொல்லிவிட்டு, வழக்கத்தைவிட வேகமாக நடந்தான். கிரிஜாவும் அவன் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

பார்கவி முன்னால் பார்த்தபடியே குரல் கொடுத்தாள். "ஏன்னா, வரேளா?"

ஒரே ஒரு கிண். இதுவரை கேட்டதைவிடப் பலமாக.

அதற்குப் பிறகு அது கிட்டே வரத் தொடங்கியது.

வெயில் மஞ்சளாகி, சிவந்து, புல்லின் நுனியில் மட்டும் மிச்சம் இருந்தது. நெல் வாசனை போய்விட்டது. அதற்குப் பதில் வேறொரு வாடை முதுகுப் பக்கமிருந்து வந்தது. பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் கையில் ஒட்டிக்கொள்ளுமே, அந்த வாடை. செருமல் இல்லை. ஷூ சரளையில் வழுக்கும் சத்தம் இல்லை. மூச்சு இல்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்து அவள் கேட்ட மூச்சு. அதைத் தேடினாள். மணி மட்டும்தான் இருந்தது.

திரும்பாதே. வாக்கு.

பாதை முடிந்தது. உச்சி. முன்னால் ஹரீஷும் கிரிஜாவும் விளிம்பில் நின்று ஃபிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தார்கள். பார்கவியின் கைப்பையில் ஃபோன் நடுங்கியது. சிக்னல் வந்துவிட்டது. எடுத்துப் பார்த்தாள். அச்சுதன் இரண்டு குரல் செய்திகள் அனுப்பியிருந்தார். பின்னால் பத்தடி தள்ளி நடந்து வருகிற மனுஷர் எதற்காகக் குரல் செய்தி அனுப்புகிறார்?

முதலாவதை அழுத்திக் காதில் வைத்தாள்.

"பார்கவி, மணியைக் கார்லயே விட்டுட்டேன். கண்ணாடி வழியாத் தெரியறது, பின் சீட்ல கிடக்கு. சாவி ஹரீஷ்கிட்ட. கத்திக் கூப்பிட்டேன், உங்க யாருக்கும் கேக்கலை. பரவாயில்லை, மெதுவா வரேன். மணி கேக்கலைன்னா நீயே திரும்பிப் பார்ப்பே."

அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அடுத்தது தானாகவே ஓடத் தொடங்கியது. அதில் பாதி வெறும் மூச்சு.

"தட்டைப் பாறை வரைக்கும் வந்துட்டேன். மார்ல ஒரு மாதிரி அழுத்தறது. உக்காந்துண்டிருக்கேன்." நீண்ட இடைவெளி. "இன்னும் நீ திரும்பிப் பார்க்கலையா, பார்கவி?"

கிண், டொக். அவள் தோளுக்குப் பின்னால். நின்றுவிட்டது.

அன்றைக்கு முதல் தடவையாக நின்றது.

பார்கவி திரும்பினாள்.

பாதையில் அச்சுதன் நின்றிருந்தார். அதே நீலத் தொப்பி. அதே சட்டை. வேர்வை இல்லை. சட்டையின் நெஞ்சுப் பக்கம் ஏறி இறங்கவில்லை. பையில் மணி இல்லை. அவளைப் பார்த்துச் சிரிக்கப்போகிறவர் மாதிரி வாயைத் திறந்தார். உள்ளே நாக்கு ஆடியது.

கிண். டொக்.

கிரிஜா கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்து உருண்டது. ஹரீஷ் அவள் கையைப் பற்றிக்கொண்டான். பார்கவியின் விரல் தானாக அச்சுதனின் எண்ணை அழுத்தியது. ரிங் போனது. எதிரில் நின்றது அசையவில்லை. மறுமுனையில் அவர் எடுத்தார்.

"பார்கவி?" அவர்தான். கீழே, பாறையில், உயிரோடு. குரல் நூலாக இருந்தது.

"ஏன்னா, இதோ வரேன், நாங்க எல்லாரும் வரோம், அசையாம உக்காந்திருங்கோ" என்று அழுதாள்.

எதிரில் நின்றது வாயை மூடியது. மெதுவாக முதுகைக் காட்டித் திரும்பியது. திரும்பும்போதே தொப்பி இல்லாமல் போயிற்று. இறங்கத் தொடங்கிய அந்த முதுகில் அவளுடைய பச்சைத் துப்பட்டா இருந்தது, அவளுடைய நரைத்த பின்னல் இருந்தது. வலது காலைக் கொஞ்சம் சாய்த்து வைக்கும் அவளுடைய நடை.

வளைவில் மறைந்தது.

அந்தக் கணமே ஃபோனுக்குள் மணி கேட்டது. மிகப் பக்கத்தில்.

"கேக்கறது" என்றார் அச்சுதன். குரலில் அப்படி ஒரு நிம்மதி. "எனக்குப் பின்னால கேக்கறது. வந்துட்டியா?"

ஓட வேண்டும். ஓடினால் சிக்னல் போய்விடும். போனால் இந்தக் குரலும் போய்விடும். பார்கவி விளிம்பில் ஒரு காலும் பாதையில் ஒரு காலுமாக நின்று, தொண்டை கிழிய ஃபோனுக்குள் கத்தினாள். "திரும்பாதீங்கோ! அது நான் இல்லை! திரும்பிப் பார்க்காதீங்கோ!"

கிண். டொக். கிண்.

"அட" என்றார் அவர், சிரித்தபடி. "எனக்காகத் திரும்பி வந்துட்டியே. கையைக் கொடு."