எந்த வெளி?

வீரிட்டு அலறியது றேடியோ.

றெபேக்காவின் கையிலிருந்த பெயின்ற் டப்பா நழுவி விழுந்தது. வெக்ஸ்போர்ட்டில், கார் திருத்தும் கடைகள் வரிசையாக நிற்கும் ஒரு சந்தின் கடைசிக் கராஜ் அது. நேரம் மத்தியானம்தான். ஆனால் கதவை இழுத்து இறக்கிவிட்டால் உள்ளே இருள்தான். கருகிய ரப்பர் வாசனை. அதற்கும் அடியில், எத்தனை முறை கழுவியும் போகாத வேறொரு கருகல்.

அலறியது சுவர்த் தட்டின் மூலையில் கிடந்த, பந்தயத்தில் ஓட்டுகிறவன் பேசிக் கேட்கும் பழைய றேடியோ. போன செப்டெம்பரில் அவள் அண்ணன் கஸ்பர் பந்தயத்தில் சுவரோடு மோதிச் செத்தபோது அவனோடு காருக்குள் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை.

இரைச்சல் மெல்ல அடங்கியது. யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"வெளியோ?" என்றது கஸ்பரின் குரல். "எந்த வெளி, மச்சான்?"

அவ்வளவுதான்.

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். பற்றரி இருக்க வேண்டிய இடம் வெறும் பள்ளமாக இருந்தது.

ஸ்ரொக் கார் பந்தயம் என்றால் கஸ்பருக்கு உயிர். அமெரிக்க மலைப்பாதைகளில் சாராயம் கடத்தியவர்கள் பொலிஸுக்குச் சந்தேகம் வராமல் சாதாரணக் காரில் எஞ்சினை முறுக்கேற்றி ஓடியது, பிறகு யாருடைய கார் வேகம் என்று தங்களுக்குள் ஓட்டிப் பார்த்தது, மண் வட்டம் தார் வட்டமானது, கடைக் கார் போய் உள்ளே முழுக்க இரும்புக் குழாயானது என்று விடிய விடியச் சொல்லுவான். "பாக்க வீட்டுக் கார், உள்ளுக்கு வேற சாமான்" என்று சிரிப்பான்.

தலையை இறுக்கிக் கட்டி ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் வருவது தெரியாது. கோபுரத்தில் நிற்கும் ஸ்பொட்டர் காதில் சொல்லுவதுதான் கண். கஸ்பரின் கண் அகஸ்ரின். உயிர்ச் சிநேகிதன், றெபேக்காவின் கணவன். மற்றவர்கள் ஒட்டுக்கேட்காமல் இருக்க இருவரும் தமிழில்தான் பேசுவார்கள். அதில்தான் வந்தது வினை. முதல் வருடமே அகஸ்ரின் "வெளி!" என்று கத்த, வெளிப்பக்கம் கார் வருகிறதா, இடம் வெளியாகக் கிடக்கிறதா என்று விளங்காமல் கஸ்பர் சுவரில் உரசினான். அன்றோடு அந்தச் சொல்லுக்குத் தடை. வட்டம் வெளிப்பக்கம் உயர்ந்து உள்பக்கம் சரிவதால், வெளிப்பக்கம் கார் என்றால் "மேல", உள்பக்கம் என்றால் "கீழ", இடமிருந்தால் "காலி". மறந்து "வெளி" என்றவன் எல்லாருக்கும் மட்டன் றோல்ஸ் வாங்க வேண்டும்.

கதவு கிறீச்சிட்டு ஏறியது. அகஸ்ரின்.

"என்ன மகாராணி, பெயின்ற் முழுக்க நிலத்துக்கே அடிச்சிட்டீர்?"

"இஞ்சாருங்கோ, அண்டைக்குக் கடைசியா அண்ணா உங்களிட்ட ஏதும் கேட்டவனோ?"

"எப்பிடிக் கேக்கிறது? றேடியோ செத்துப்போச்சு எண்டு எத்தனை தரம் சொல்லிப்போட்டன்."

"'எந்த வெளி' எண்டு கேக்கேல்லையோ?"

அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே உறைந்தது. தட்டிலிருந்த றேடியோவை எடுத்துக் குப்பை வாளிக்குள் எறிந்தான்.

"சனிக்கிழமை நான் ஓடோணும். நீர்தான் என்ர கண். உதுகளை யோசியாதையும்."

அவளுக்கு விளங்கிவிட்டது. அன்று றேடியோ சாகவில்லை; இவன்தான் வேண்டுமென்றே அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறான்.

ஒரு வருடம் நீ ஓட்டு, ஒரு வருடம் நான் என்றுதான் நண்பர்கள் பேசிக்கொண்டார்கள். கஸ்பர் ஒருமுறைகூட ஸ்ரியரிங்கை விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காகவா? இத்தனை மாதமும் இந்த மனிதனின் தோளில் சாய்ந்துதானே அண்ணனுக்காக அழுதாள்?

சனிக்கிழமை. நல்ல வெயில். கோபுரத்தில் றெபேக்கா. கீழே, திருத்திப் பெயின்ற் அடித்த கஸ்பரின் காரில் அகஸ்ரின். அவனுடைய வெளிப்பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் மெல்ல ஒட்டி வந்தது.

ஒரு சொல் போதும்.

அது அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது.

விழுங்கினாள்.

"மேல! மேல நிக்குது! ஏறாதேங்கோ!"

கார் மேலே ஏறியது.

இரும்பு கிழியும் சத்தம். புகை. மீண்டும் அதே கருகல்.

அவள் ஓடிப் போனபோது அகஸ்ரினை வெளியே இழுத்துச் சுவரோடு சாய்த்திருந்தார்கள். கால் உடைந்திருந்தது, உயிர் இருந்தது. அவன் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. புல்லில் கிடந்த ஹெல்மெட்டையே பார்த்தன. வயர் அறுந்து தொங்கிய அதன் உள்ளிருந்து யாரோ மூச்சு வாங்குவது அவளுக்கும் கேட்டது.

"மேல எண்டு கத்தினனானே! கேக்கேல்லையோ?"

அவன் ஹெல்மெட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்.

"கேட்டது, பெக்கி… ஆனா அதுக்கு மேலால என்ர சொந்தக் குரல், 'வெளி, மச்சான், வெளி' எண்டது… அண்டைக்கு நான் அவனுக்குச் சொன்ன மாதிரியே."