உள்ளே குடிவந்தவன்

யாரோ சாப்பிடும் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டு, அவசரமில்லாமல், ருசி பார்த்துச் சாப்பிடுகிறவர்களின் சத்தம். தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். வீட்டில் அவளையும் உள்ளறையில் படுத்திருந்த கணவரையும் தவிர ஈ காக்கை கிடையாது. அவரோ வாய்வழியாகச் சாப்பிட்டே பல வாரமாகிறது. மூக்குக் குழாயில் இறங்கும் சத்துப்பால்தான் சாப்பாடு.

"என்னங்க, வாயில ஏதாவது போட்டுக்கிட்டீங்களா?"

"எதைப் போட? உன் பட்டனையா?"

அலுப்பில் காது ஏதேதோ சொல்கிறது என்று விட்டுவிட்டாள். ஒழுங்காகத் தூங்கி எத்தனை காலமாயிற்றோ. நின்றால் கால் வலித்தது, உட்கார்ந்தால் இடுப்பு வலித்தது, படுத்தால் மனசு தூங்கவிடவில்லை.

கணையத்துக் கட்டி பக்கத்து ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டுவிட்டது என்றார் டாக்டர். அந்தக் குழாயில் ஒரு துண்டு, இரைப்பையில் பாதி, மண்ணீரல், எல்லாவற்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஆபரேஷன் மேஜையிலிருந்தே எழாதவர்கள் உண்டு. எழுந்தாலும் கசியலாம், ரத்தம் கொட்டலாம், நோயே திரும்பி வரலாம். ஆனால் சிலருக்குக் கொஞ்ச காலம் கூடுதலாகக் கிடைக்கிறது என்றார். "எனக்கு வேண்டாம்மா, இருக்கறவரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்றவரை, "எனக்காகப் பண்ணிக்குங்க" என்று அழுது சம்மதிக்கவைத்தவள் அவள்தான். அந்தக் கொஞ்ச காலம் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அன்று அவர் சிரித்தார். "உள்ள பாதி வீடு காலி. பேசாம வாடகைக்கு விட்டுடு." பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே அந்த வாய் அப்படித்தான். விலாவுக்குக் கீழே ஒரு குழாய், அதன் நுனியில் ஒரு பை. கசிகிற கணையநீர் அதில் வடிய வேண்டும். "அது சாப்பாட்டைக் கரைக்கிற தண்ணிக்கா. வடியாம உள்ள தங்குனா ஆளையே அரிச்சுடும்" என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள்.

இன்று காலையிலிருந்து பை காலியாகவே இருந்தது. அப்பாடா, கசிவு நின்றுவிட்டது! அந்தச் சந்தோஷத்தில்தான் வெகுநாள் கழித்து மெஷினில் உட்கார்ந்திருந்தாள்.

மறுபடியும் அந்தச் சத்தம். இப்போது எதையோ நறுக்கென்று கடித்தது.

உள்ளறையில் சாயங்கால வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தைத்து முடித்த ஊரார் துணிகள் கொடியில் வரிசையாகத் தொங்கி, சுவரெங்கும் தலையில்லாத நிழல்களைப் போட்டிருந்தன. டெட்டால் வாடைக்கு அடியில் புளித்த வாடை ஒன்று. அவர் உதடுகள் மூடியிருந்தன. தாடை அசையவில்லை.

சத்தம் போர்வைக்குள்ளிருந்து வந்தது.

"உனக்கும் கேக்குதா?" என்றார். நெற்றியெல்லாம் வேர்வை. "குடிவந்தவனுக்குப் பசி போல."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

அவள் போர்வையின் ஓரத்தை விலக்கிக் குழாயைத் தடவினாள். விரலில் குழாயை அடைக்கிற கிளிப் தட்டுப்பட்டது. மூடியிருந்தது.

காலையில் அவரைக் கழிவறைக்கு நடத்திப்போனபோது, கொடித்துணிகளைத் தாண்ட வேண்டியிருந்தது. ஊரார் துணியில் ஒரு சொட்டுப் பட்டாலும் கறை போகாது என்று கிளிப்பை மூடினாள். தையல்காரி புத்தி. பிறகு திறக்கவே இல்லை.

"ஐயோ, பாவி நான்..."

திறந்தாள்.

குழாய் சிவந்தது. பை கனத்தது. நிரம்பியது. போனில் ஆம்புலன்ஸ்காரன் விலாசம் கேட்டான். சொன்னாள். திரும்பச் சொன்னாள்.

"எனக்காக இருங்க. வந்துடுவாங்க. எனக்காக."

"உனக்காகத்தாம்மா..."

கண்கள் அவள்மேலேயே நின்றன. மார்பு அடங்கியது. மூக்கருகே விரல் வைத்தாள். ஒன்றுமில்லை.

சத்தம் மட்டும் ஓயவில்லை.

அவசரமில்லாமல். ருசி பார்த்து. போர்வையின் நடுப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் அதன்மேல் கை வைத்தாள். ஆள் வந்தது தெரிந்தாற்போல் சத்தம் சட்டென்று நின்றது.

பிறகு, அவள் உள்ளங்கைக்கு நேர் கீழே, ஒரு கடி.